குப்பியில் இருந்த ஈரம்

மூன்று வாரமாக ஆய்வகத்தில் செல் சவ்வைப் போல நான் செய்யும் கொழுப்புப் படலம் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. 200 மைக்ரான் துளையில் பூசுவேன், மெலிந்து கறுப்பாகத் தெரியும், பட்டென்று உடையும். அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருள் பட்டால் திறக்கும் புரதமான அசிட்டைல்கோலின் ஏற்பியை அதில் சேர்க்கவே வழியில்லை. உப்புக் கரைசலை மாற்றியும் பயனில்லை.

பக்கத்து மேசை அக்கா என் கையிலிருந்த கொழுப்புக் குப்பியைக் காட்டி, "எப்படி வியர்த்திருக்கு பாருங்க தம்பி" என்றார். சிங்கப்பூர்க் காற்றின் ஈரம்! மைனஸ் 20 டிகிரியிலிருந்து எடுத்ததுமே திறந்துவிடுவேன். உள்ளேயும் ஈரம் படிந்திருக்கிறது.

மறுநாள் குப்பி அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியைத் தொடவில்லை. அரை மணி நேரம் ஆனது, ஆகட்டும். அப்புறம் கொழுப்பு கரைந்திருந்த குளோரோஃபார்மை நைட்ரஜன் வாயுவால் ஓட்டி, மிஞ்சிய கொழுப்பைப் புதிதாக டெக்கேன் என்ற கரைப்பானில் கரைத்தேன். பழைய கரைசலை வைத்துக்கொள்ளவே கூடாது, கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும்.

படலம் ஒரு மணி நேரம் நின்றது. ஏற்பி சேர்த்து, அசிட்டைல்கோலின் விட்டதும், 100 மில்லிவோல்ட்டில் மின்னோட்டம் சுமார் 4 பிக்கோஆம்பியர் உயரத்துக்குப் படிக்கட்டு போல எழுந்து விழுந்தது. ஒரே ஒரு ஏற்பியின் அயனிக் கால்வாய், அதாவது மின்னூட்டத் துகள்கள் போகும் வழி, திறந்து மூடுகிறது! ஓடிப்போய் அக்காவைக் கூட்டிவந்தேன்.