பனிச்சறுக்கு ஹெல்மெட்: மலைப் பழக்கத்தில் செய்யும் தவறுகள்

ஊட்டியில் விழுவது உறைபனிதான். டிசம்பர், ஜனவரி விடியலில் தலைகுந்தா புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். வெயில் ஏறியதும் காணாமல் போகும். பனியில் சறுக்கிப் பார்க்க வேண்டுமென்றால் உத்தராகண்டின் ஔலி, காஷ்மீரின் குல்மார்க் மாதிரி இடங்களுக்குத்தான் போக வேண்டும். கோத்தகிரியிலிருந்து அப்படிக் கிளம்பும் தம்பிகள் ஜாக்கெட், கையுறை பற்றியெல்லாம் விசாரிப்பார்கள். ஹெல்மெட் என்று பேச்செடுத்தால் மட்டும், "வண்டி ஹெல்மெட் இருக்கேண்ணா, அதையே எடுத்துக்கிறேன்" என்பார்கள்.

அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மேட்டுப்பாளையம் சாலையில் இறங்க ஐஎஸ்ஐ முத்திரையுள்ள அந்த ஹெல்மெட் கட்டாயம் வேண்டும். பனியிலோ அதுவே இடைஞ்சல். முகம் மூடிய ஹெல்மெட் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும், மூச்சுக்காற்றில் கண்ணாடி மங்கும், பின்னால் ஒருவர் கத்திக்கொண்டே சறுக்கி வந்தாலும் சரியாகக் கேட்காது. பனிச்சறுக்கு ஹெல்மெட் ஏறக்குறைய அரைக் கிலோதான். உள்ளே இஎன் 1077 (ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம்) அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்2040 (அமெரிக்கத் தரம்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். இஎன் 1077-இல் ஏ, பி என இரண்டு வகை உண்டு. ஏ வகை தலையை அதிகம் மூடும். பி வகையில் காற்றோட்டமும் காது கேட்பதும் கூடுதல்.

எனக்கு இதைவிடக் கவலை மங்கி கேப்தான். குல்லாவை மாட்டி அதன்மேல் ஹெல்மெட்டைக் கவிழ்ப்பது நம் ஊரில் எல்லோருக்கும் பழகிப்போயிற்று. ஔலியில் முதல் நாள் நானும் அப்படித்தான் நின்றேன். வாடகை ஹெல்மெட், உள்ளே அம்மா பின்னிய குல்லா. இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிச் சறுக்கும் ஸ்னோபோர்டு அது; அதன் பின்விளிம்பு பனியில் மாட்டியதும் மல்லாக்க விழுந்தேன். கம்பளிமேல் வழுக்கிய ஹெல்மெட் கண்ணை மறைத்தது. பின்மண்டை இறுகிய பனியில் இடித்தது. மாலையில் தலைவலியும் வாந்தியும் வந்து டாக்டரிடம் ஓடினோம். ஸ்னோபோர்டு பழகுகிறவர்கள் இப்படிப் பின்பக்கமாக விழுவது சர்வ சாதாரணம். அதனால் ஹெல்மெட் பின்மண்டைவரை நன்றாக இறங்கி மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். குளிருக்கு உள்துணியும் காது மூடியும் ஹெல்மெட்டிலேயே இருக்கும். போதவில்லை என்றால் மெல்லிய குல்லா ஒன்று போதும், அதையும் கடையிலேயே மாட்டி அளவு பாருங்கள்.

அளவு எடுப்பது எளிது. தையல் டேப்பைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்து, பின்மண்டை புடைத்திருக்கும் இடம் வழியாகச் சுற்றுங்கள். அப்புறம் ஹெல்மெட்டை மாட்டி, தாடைப் பட்டையைப் பூட்டாமல் தலையை ஆட்டுங்கள். நெற்றித்தோல் அதோடு சேர்ந்து அசைந்தால் சரி. ஹெல்மெட் மட்டும் தனியாக ஆடினால் பெரிது. பின்பக்கத் திருகை எவ்வளவு இறுக்கினாலும் அது சரியாகாது. நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் குத்தினால் வேறு கம்பெனி பாருங்கள், மண்டை வாகு ஆளுக்கு ஆள் வேறு. "வளர்ற பிள்ளைதானே" என்று குழந்தைக்கு ஒரு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள். ஸ்வெட்டருக்குச் சரி, ஹெல்மெட்டுக்கு ஆகாது.

உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கித்தான் அடியை வாங்கிக்கொள்கிறது. பெரும்பாலானவற்றில் ஒருமுறை நசுங்கினால் முடிந்தது, வெளி ஓட்டில் கீறல்கூடத் தெரியாது. எனவே பலமாக அடிபட்டதை மறுபடி போடாதீர்கள், தெரிந்தவரிடம் பழையதை வாங்காதீர்கள். வாடகைக்கு எடுத்தால் உள்துணியை விலக்கி விரிசலையும் தயாரித்த தேதியையும் பாருங்கள்.

புது ஹெல்மெட் போட்டதும் வேகம் கூட்டுகிறவர்களும் உண்டு. இஎன் 1077 சோதனையில் ஹெல்மெட் விழும் உயரம் 1.5 மீட்டர், அதாவது மணிக்கு 20 கிலோமீட்டருக்கும் குறைவான மோதல். 2013 டிசம்பரில் பிரான்சின் மெரிபெல்லில் சறுக்கும்போது பாறையில் தலை மோதிப் பலத்த காயமடைந்த கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கரும் ஹெல்மெட் போட்டுத்தான் இருந்தார்.

காகில்ஸ் (பனியில் போடும் கண்ணாடி) இருந்தால் கடைக்கு எடுத்துப்போய் இரண்டையும் சேர்த்து மாட்டிப் பாருங்கள். நடுவில் நெற்றி தெரியக் கூடாது, காகில்ஸ் மூக்கை அழுத்தவும் கூடாது.