ஹிட்லர் தப்பித்த இடங்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு

ஊரிலிருந்து மியூனிக் வருகிறவர்கள் முதலில் பீர் ஹால் கேட்பார்கள், அடுத்து பிஎம்டபிள்யூ மியூசியம். இரண்டாம் நாள் சாப்பாட்டு மேசையில் குரலைத் தாழ்த்தி, "ஹிட்லர் சம்பந்தமா ஏதாவது பாக்கலாமா?" என்பார்கள். தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் நான் கூட்டிப்போவது அவனைக் கொல்ல முயன்று தோற்றவர்கள் நின்ற இடங்களுக்கு. நாற்பதுக்கும் மேற்பட்ட திட்டங்கள் இருந்ததாகச் சொல்கிறார்கள். அத்தனையையும் துரத்த வேண்டாம். நான்கைந்து போதும், ஆனால் வரிசை முக்கியம்.

முதலில் மியூனிக், பிறகு பெர்லின், நாள் மிஞ்சினால் போலந்து. பலர் நேராக பெர்லின் போய், 1944இல் குண்டு வைத்த ராணுவ அதிகாரி ஸ்டௌஃபன்பெர்க்கிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அப்படிப் போனால், 1944இல் சில ராணுவ அதிகாரிகள் விழித்துக்கொண்டார்கள், குண்டு வைத்தார்கள், தோற்றார்கள், அவ்வளவுதான் கதை என்று தோன்றிவிடும். போர் தொடங்கியது 1939 செப்டம்பரில். அதற்கு ஒரு வருடம் முன்பே, 1938 இலையுதிர் காலத்தில், ஒரு தச்சர் தனியாக முடிவெடுத்துவிட்டார். அதைப் பார்த்துவிட்டு அதிகாரிகளிடம் போனால் அவர்கள்மேல் மரியாதை குறையாது, அளவு மட்டும் சரியாகும்.

மியூனிக்கில் பிற்பகல் மூன்று மணிக்கு மரியன்பிளாட்ஸில் தொடங்குங்கள். பழைய நகரமண்டபத்து வளைவைத் தாண்டி 'தால்' தெருவுக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் ஹைலிக்கைஸ்ட் தேவாலயம். 1923இல் தோற்றுப்போன தன் கலகத்தின் நினைவாக ஹிட்லர் ஒவ்வொரு நவம்பர் 8 இரவும் ஒரு பீர் ஹாலில் பேசுவான், 9ஆம் தேதி இந்தத் தெரு வழியாக ஊர்வலம் போவான். நேரத்தையும் வழியையும் கடைசி நிமிடத்தில் மாற்றிக்கொண்டே இருந்தவன் வருடந்தோறும் தவறாமல் வந்து நின்ற இடம் இது. கொல்ல நினைத்தவர்கள் இங்கே கண் வைத்ததில் வியப்பில்லை.

1938 நவம்பர் 9 அன்று இந்தத் தேவாலயத்துக்கு எதிரே போட்டிருந்த பார்வையாளர் மேடையில் மோரிஸ் பவோ என்ற சுவிஸ் இளைஞர் நின்றார். வயது 22, இறையியல் மாணவர், சட்டைப்பையில் சிறிய கைத்துப்பாக்கி. ஹிட்லர் நெருங்கி வந்தபோது முன்வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் வணக்கம் வைக்கக் கையைத் தூக்கினார்கள். மறைத்துவிட்டது. தெருவின் அகலத்தை நீங்களே பாருங்கள். பிறகும் சில நாள் போலிக் கடிதம் வைத்துக்கொண்டு அவனை நெருங்கப் பார்த்தார், கைக்காசு தீர்ந்தது, டிக்கெட் இல்லாமல் ரயிலேறினார், ஆக்ஸ்பர்க்கில் பரிசோதகரிடம் சிக்கினார். பெட்டியைத் திறந்தால் துப்பாக்கி. இவர் பெயரை நினைவில் வையுங்கள், பெர்லினில் மறுபடி வரும்.

ஒரு எச்சரிக்கை. 1923 கலகம் முடிந்துபோன ஃபெல்ட்ஹெர்ன்ஹாலே மண்டபம் போன்ற இடங்களில் விளையாட்டுக்குக்கூட நாஜி வணக்கம் போலக் கையை நீட்டிப் படம் எடுக்காதீர்கள். இங்கே அது குற்றம், போலீஸ் வரும். எங்களோடு வந்த கல்லூரிப் பையன் ஒருவன் ரீல்ஸுக்காக அப்படி நின்றபோது அவன் அத்தைதான் முதுகில் ஒன்று வைத்துக் கையை இறக்கினாள்.

அங்கிருந்து நேராக நடங்கள்: இசார்டோர் வாசல், லுட்விக் பாலம், ரோசன்ஹைமர் தெருவின் மேடு. அரை மணிக்குள் போய்விடலாம். ஊர்வலம் வந்த வழியில் எதிர்த்திசையாக நடக்கிறீர்கள். மேட்டில் பூர்கர்பிராய்கெல்லர் என்ற அந்த பீர் ஹாலைத் தேடாதீர்கள், 1979இல் இடித்துவிட்டார்கள். கெமா என்ற இசை உரிமைச் சங்கத்தின் அலுவலகத்துக்கு முன்னால் தரையைப் பார்த்து நடங்கள். முதலில் சொன்ன தச்சர் கேயார்க் எல்சரின் பெயர் பொறித்த ஒரு தகடு கிடைக்கும். குண்டு வைக்க அவர் குடைந்த தூண் நின்ற இடத்தைக் குறிக்கிறது அது. எல்லாரும் அதை மிதித்துக்கொண்டுதான் போகிறார்கள்.

இங்கே அவசரப்படாதீர்கள். இந்தப் பயணத்தில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான், பார்க்க ஒன்றுமே இல்லை என்றாலும்.

எல்சர் 1903இல் வூர்ட்டம்பெர்க்கில் பிறந்தவர். தச்சுத் தொழிலோடு கடிகாரத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர். 1938 நவம்பர் 8 அன்று மியூனிக் வந்து, கூட்டம் கலைந்த பிறகு உள்ளே போய் மண்டபத்தை நோட்டம் பார்த்தார். பேச்சாளர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு தூண். வெடிமருந்து வேண்டும் என்று கல்குவாரியில் வேலைக்குச் சேர்ந்தார். 1939 ஆகஸ்டில் மியூனிக்கில் குடியேறி, இரவில் அந்த பீர் ஹாலிலேயே சாப்பிடுவார், மாடி அறையொன்றில் ஒளிந்துகொள்வார், கதவு பூட்டியதும் முழங்காலிட்டு வேலை. இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள். தூணைச் சுற்றியிருந்த மரப்பலகையில் ஒரு துண்டை அறுத்துக் கீல் வைத்துக் கதவாக்கினார். மூடினால் கோடு தெரியாது. இடிபாட்டைப் பெட்டியில் அள்ளி இசார் ஆற்றில் கொட்டினார்.

என் அப்பா காரைக்குடியில் மரப்பட்டறை வைத்திருந்தவர். அவர் வந்தபோது இதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். ஹிட்லரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ராத்திரி உளி வச்சு அடிச்சா சத்தம் கேக்குமே?" என்றார். சரியான கேள்வி. கழிப்பறையில் தண்ணீர் சில நிமிடத்துக்கு ஒருமுறை தானாகப் பீய்ச்சும் ஏற்பாடு இருந்தது. அந்தச் சத்தம் வரும்வரை காத்திருந்து, அது வரும்போது மட்டும் பலமாக அடித்தாராம். கடிகாரம் டிக்டிக் என்று கேட்காமலிருக்கக் கார்க் பொதித்தார். யாராவது தூணில் ஆணி அடித்தால் உள்ளே இறங்காமலிருக்கக் கதவின் உட்புறம் தகரம். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

1939 நவம்பர் 8 அன்று மூடுபனி. விமானத்தை நம்பமுடியாமல் ஹிட்லர் ரயிலில் பெர்லின் திரும்ப முடிவு செய்தான். அதனால் பேச்சை எட்டு மணிக்கே தொடங்கி, 9:07க்கு முடித்துக்கொண்டு கிளம்பினான். 9:20க்குக் குண்டு வெடித்தது, எல்சர் வைத்த நேரத்துக்குச் சரியாக. பதின்மூன்று நிமிடம். எட்டுப் பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் அங்கே பரிமாறிய பெண். இதை விட்டுவிட்டுக் கதை சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. எல்சரோ வெடிப்பதற்கு முன்பே, 8:45க்கே, சுவிஸ் எல்லையில் கான்ஸ்டன்ஸில் பிடிபட்டிருந்தார். சட்டைப்பையில் அந்த பீர் ஹாலின் படம் போட்ட அஞ்சலட்டை. விசாரணையில் காட்டிக்கொடுத்தவை முழங்காலிட்டு முழங்காலிட்டுச் சீழ்பிடித்த அவருடைய முட்டிகள்.

அன்று இரவே டூர்க்கன் தெருவில் உள்ள கேயார்க் எல்சர் சதுக்கத்துக்குப் போங்கள். உ-பான் (சுரங்க ரயில்) நிறுத்தம் ஊனிவெர்சிடேட். எல்சர் தங்கியிருந்த தெரு அது. பள்ளிக்கூடச் சுவரில் ஒரு நியான் அமைப்பு இருக்கிறது, பகலில் கண்ணுக்கே படாது. தினமும் இரவு 9:20க்கு ஒரு நிமிடம் மட்டும் '8 நவம்பர் 1939' என்று எரியும். பத்து நிமிடம் முன்னதாகவே போய் நில்லுங்கள். சாப்பாட்டை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். ஓட்டல் பில்லுக்குக் காத்திருந்து கோட்டை விட்டவர்கள் உண்டு.

மறுநாள் காலை அதிவேக ரயில் நான்கு மணி நேரத்தில் பெர்லினில் இறக்கிவிடும். முன்கூட்டியே பதிவு செய்தால் டிக்கெட் விலை பாதிக்கும் கீழே வரும். பெர்லினில் ஒரு முழு நாள் வையுங்கள்.

முதலில் ஸ்டௌஃபன்பெர்க் தெருவிலுள்ள பெண்ட்லர்பிளாக். அன்று ராணுவ அலுவலகம், இன்று எதிர்ப்பு இயக்க நினைவகம். எம்29 பேருந்து வாசலிலேயே நிற்கும். அனுமதி இலவசம், விளக்கங்கள் ஆங்கிலத்திலும் உண்டு. மாடிக் கண்காட்சிக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பலகையையும் படிக்க ஆரம்பித்தால் மாலையாகிவிடும். அதனால் 1943ஆம் ஆண்டுப் பகுதிக்கு நேராகப் போங்கள். அந்த மார்ச்சில் ஹென்னிங் ஃபான் ட்ரெஸ்கோ என்ற ராணுவ அதிகாரி ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்கில் ஹிட்லரின் விமானத்தில் குண்டு ஏற்றினார். மதுப் பாட்டில்கள் போலக் கட்டி, நண்பருக்குப் பந்தயத்தில் தோற்ற கடன் என்று சொல்லி, லெப்டினன்ட் கர்னல் ஹைன்ஸ் பிராண்ட் என்பவர் கையில் கொடுத்தார்கள். வெடிக்கவில்லை. சரக்கறையின் குளிர்தான் காரணமாயிருக்கும் என்கிறார்கள். எட்டு நாள் கழித்து, மார்ச் 21, கெர்ஸ்டார்ஃப் என்ற அதிகாரி கோட்டுப்பைகளில் குண்டோடு பெர்லின் ஆயுதச்சாலைக் கண்காட்சியில் ஹிட்லருக்குச் சுற்றிக்காட்டப் போனார். பத்து நிமிடத்தில் வெடிக்கும் குண்டு. அவன் எதையும் பார்க்காமல் இரண்டே நிமிடத்தில் ஓடிவிட்டான். இவர் கழிப்பறைக்குள் நுழைந்து குண்டைச் செயலிழக்க வைத்தார். அந்தக் கட்டடம் உண்டர் டென் லிண்டன் வீதியில் இருக்கிறது, பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதும்.

பிராண்டின் பெயரை மறக்காதீர்கள். 1944 ஜூலை 20, இன்றைய போலந்தில் இருந்த ஹிட்லரின் ஓநாய்க் குகைத் தலைமையகம். ஸ்டௌஃபன்பெர்க்குக்கு வலக்கை இல்லை, இடக்கையில் மூன்று விரல், ஒரு கண். முசோலினி வருகிறான் என்று கூட்டத்தை அரைமணி முன்னால் இழுத்துவிட்டார்கள். இரண்டு பொட்டலங்களில் ஒன்றைத்தான் அவரால் தயார்படுத்த முடிந்தது. பெட்டியை மேசைக்கடியில் வைத்துவிட்டு வெளியேறினார். அருகில் நின்ற ஒருவர் கால் இடிக்கிறதென்று அதைத் தடித்த மேசைக்காலுக்கு அந்தப் பக்கம் நகர்த்தியதாகச் சொல்கிறார்கள். அவர்தான் பிராண்ட், பாட்டில் பொட்டலத்தை ஒன்றும் தெரியாமல் சுமந்த அதே ஆள். 12:42க்கு வெடித்தது. நான்கு பேர் இறந்தார்கள், பிராண்டும் ஒருவர். ஹிட்லர் கிழிந்த கால்சட்டையோடு எழுந்து நின்றான்.

கீழே முற்றத்துக்கு வாருங்கள். கைகள் கட்டப்பட்ட ஒரு வெண்கல இளைஞன் நிற்கிறான். அன்று நள்ளிரவுக்குப் பிறகு வண்டி விளக்கு வெளிச்சத்தில், பெர்லின் திரும்பியிருந்த ஸ்டௌஃபன்பெர்க், அவருடைய சகாக்கள் ஓல்ப்ரிக்ட், மெர்ட்ஸ், ஹெஃப்டன் நால்வரையும் இங்கேதான் சுட்டார்கள். குண்டைக் குறைசொல்வதற்கு முன் நேரத்தைக் கணக்கிடுங்கள்: பகல் 12:42க்கு வெடித்த பிறகு, பெர்லினில் ஆட்சியைப் பிடிக்கும் கட்டளைகள் போகத் தொடங்கியது மாலை நான்கு மணியளவில்தான். ஏழு மணிவாக்கில் பெர்லின் காவல் படைத் தலைவர் மேஜர் ரேமரிடம் ஹிட்லர் தொலைபேசியில் நேரே பேசினான், எல்லாம் முடிந்தது. என்னைக் கேட்டால், மேசைக்காலைவிட அந்த மூன்று மணி நேரத்துக்குத்தான் பங்கு அதிகம்.

எல்லாரையும் உத்தமராக்கிக் குழந்தைகளுக்குச் சொல்லாதீர்கள். எல்சரை விசாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஆர்தர் நேபே. அவரே பிறகு ஜூலை 20 சதியிலும் இருந்தார். நடுவில் கிழக்கே யூதர்களைக் கொன்று குவித்த ஒரு படைப்பிரிவின் தலைவர். மூன்றும் ஒரே ஆள்தான்.

பிற்பகல் பேருந்து 123இல் ப்ளூட்சன்ஸே. சிறைக்குள்ளிருந்த செங்கல் கொட்டகை, உள்ளே குறுக்குத் தூலத்தில் கொக்கிகள். 1933 முதல் 1945 வரை 2,800க்கும் மேற்பட்டவர்களை இங்கே கொன்றார்கள். ஜூலை சதிக்காரர்கள் பலர், நேபே உட்பட, இங்கேதான் தூக்கிலிடப்பட்டார்கள். ரயிலில் டிக்கெட் இல்லாமல் சிக்கிய பவோவின் தலையை 1941 மே 14 அன்று இங்கேதான் வெட்டினார்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளை உள்ளே அழைத்துப்போக வேண்டாம் என்பது என் கருத்து. இருட்டிய பிறகு வில்ஹெல்ம் தெரு வழியாகத் திரும்பினால், எல்சரின் முகக்கோடு 17 மீட்டர் உயர எஃகில் நிற்பதைப் பார்க்கலாம். அவரை டாஹவ் முகாமில் 1945 ஏப்ரல் 9 அன்று சுட்டார்கள், போர் முடிய ஒரு மாதம் இருக்கும்போது.

போலந்து போவதென்றால் குறைந்தது இரண்டு நாள் வேண்டும். ஷெங்கன் விசாவே போதும். ஓநாய்க் குகை கென்ட்ஷின் ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டரில் காட்டுக்குள் இருக்கிறது. வாடகைக் காரில் போவது நல்லது. குண்டு வெடித்த மரக்கொட்டகை இன்று இல்லை, தரையும் திறந்த புத்தகம் போன்ற ஒரு நினைவுக்கல்லும்தான். சுற்றிலும் 1945 ஜனவரியில் ஜெர்மானியரே தகர்த்துவிட்டுப்போன கான்கிரீட் மலைகள் பிளந்து கிடக்கின்றன. மேலே ஏறாதீர்கள், பாதையை விட்டு விலகாதீர்கள். கோடையில் போனால் கொசு பிய்த்துவிடும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், ஓடோமாஸை ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள்.