பாறை மீன் பாயும்போது காலடி நூல் சிக்காமலிருக்க

புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில், ஓதம் வற்றத் தொடங்கி ஆற்றுநீர் கடலுக்குள் இழுபடும் விடியற்காலையில், அடித்து வரப்படும் மடவைக் குஞ்சுகளைத் துரத்திக்கொண்டு பாறை மீனும் சீலாவும் கரைக்கு வெகு அருகில் வருவதுண்டு. அந்நேரத்தில் கரைக்காற்று முதுகுப்புறமிருந்து வீசுவதால் ஃப்ளை தூண்டிலை (இறகு, நூல் போன்றவற்றால் செய்த எடையற்ற போலி இரையை, கனமான நூலின் எடையாலேயே வீசும் தூண்டில்) வீசுவதும் எளிது. கடற்காற்று எழுந்துவிட்டால் பாதி நூல் நம் தலைமேலேயே விழும்.

மீன் கவ்வியதும் கோலைத் தூக்குவதுதான் பலரும் செய்யும் பிழை. கோலின் நுனியைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்தி வைத்து, இடக்கையால் நூலை நீளமாக ஒருமுறை இழுத்தால்தான் பாறையின் கெட்டியான வாயில் தூண்டில் முள் ஏறும். அதன்பின் அது பாயும் வேகத்தில், காலடியில் சுருண்டு கிடக்கும் நூல் செருப்பிலோ அடம்பங்கொடியிலோ மாட்டினால், முனையில் கட்டிய, 20 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு (தூண்டில் இழை) ஒரே நொடியில் அறுந்துவிடும். இதற்கென்றே விற்கப்படும் விலையுயர்ந்த இடுப்புக்கூடை தேவையில்லை என்பது என் கருத்து. காய்கறி கழுவும் துளையிட்ட பிளாஸ்டிக் கூடையைக் கயிற்றால் இடுப்பில் கட்டி, இழுக்கும் நூலை அதனுள் விழவிட்டாலே போதும். அந்த நூல் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்த வளையத்தின் வழியே முழுவதும் ஓடி முடியும்வரை மீனைத் தடுக்காதீர்கள். ரீல் சுழலத் தொடங்கியதும் அதன் டிராக் (நூல் ஓடும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிரேக்) பார்த்துக்கொள்ளும். ஃப்ளை கோல்களில் வலுவான வகையான ஒன்பதாம் எண் கோலும், ரீலில் 150 மீட்டருக்குக் குறையாத பேக்கிங் நூலும் (வீசும் நூலுக்குப் பின்னால் சுற்றிவைக்கும் மெல்லிய துணைநூல்) இருக்கட்டும்.

சீலாவின் பல் நரம்பை வெட்டிவிடும் என்பதால், அதற்கு மட்டும் முள்ளுக்கு முன் ஒரு சாண் கம்பி கட்டுங்கள்.