தண்டவாளம் போன மேட்டில் சைக்கிள் பாதை கேட்பது எப்படி

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் மீட்டர் கேஜ் ரயில் ஓடியது. 1926இல் வந்தது, எண்பதுகளில் நின்றது. செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு வழியாக ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இந்த மாதிரி ஒரு தடத்தைச் சைக்கிள் பாதையாக்க ஆசைப்பட்டால் எங்கே தொடங்குவது என்று பார்ப்போம்.

முதலில் வாயை அடக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. "ரயில் இனி வராது, பாதையைக் கொடுங்கள்" என்று கேட்கவே கேட்காதீர்கள். மன்னார்குடிக்கு ரயில் வராது என்றுதான் ஊரே நினைத்திருந்தது, 2011இல் வந்துவிட்டது. வேதாரண்யம் பக்கத்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023இல் வந்தது. ரயில் கேட்டு மனு எழுதிக்கொண்டிருப்பவர்களைப் பகைத்துக்கொண்டு இந்த வேலை நடக்காது. அமெரிக்காவில் 1983இல் இதற்கென்றே சட்டத்தைத் திருத்தினார்கள்: ஓடாத தடத்தைத் துண்டு போட்டு விற்காமல் வங்கியில் போட்டு வைப்பதுபோல முழுசாக வைத்திருப்பது, அதுவரை நடக்கவும் சைக்கிள் விடவும் விடுவது, ரயில் திரும்ப வந்தால் விட்டுக்கொடுப்பது. நம் ஊர் பாஷையில் குத்தகை. நிலம் ரயில்வேக்கு, உழவு நமக்கு. மனுவின் முதல் வரியிலேயே இதை எழுதிவிடுங்கள்.

அப்புறம் நடங்கள். அறுவடை முடிந்து வயல் காய்ந்த மாசி, பங்குனிதான் சரியான நேரம். கெட்டி அடிச் செருப்பு போடுங்கள், சீமைக் கருவேல முள் சைக்கிள் டயரையே விடாது. மேடு எங்கே மிச்சமிருக்கிறது, எங்கே கரைத்துவிட்டார்கள், எந்த வாய்க்காலில் பாலம் இல்லை என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீடு கட்டியிருந்தால் அவர்களிடம் சண்டைக்கு நிற்காமல், பாதையை அந்த இடத்தில் ஊர்ச்சாலைக்குத் திருப்பிவிடுங்கள்.

காகிதம் அடுத்தது. நிலத்தை அளந்து வரைந்த புலப்படமும், எந்த நிலம் யாருடையது என்று எழுதியிருக்கும் அ-பதிவேடும் பார்த்தால் சர்வே எண்கள் கிடைக்கும். மயிலாடுதுறை மாவட்டமே 2020இல் பிரிந்ததுதான், அதனால் பழைய கோப்பு தேடி நாகப்பட்டினத்துக்கும் ஒரு நடை போக வேண்டிவரலாம். நிலம் இப்போது யார் பெயரில், குத்தகைக்கு விட்டிருக்கிறார்களா, புதிய ரயில் திட்டம் ஏதும் உண்டா என்று மூன்றே கேள்வி, தகவல் உரிமைச் சட்டத்தில் ரயில்வேயிடம் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. பதில் கைக்கு வந்த பிறகே கிராம சபையில் தீர்மானம் போடுங்கள், ஊராட்சி ஊராட்சியாக. அந்தத் தீர்மான நகல்களோடு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரைப் பாருங்கள்.

வரைபடம் போடும்போது டெல்டாவை மறக்கக்கூடாது. மேட்டுக்குக் கீழே இருக்கும் சின்ன மதகைத் தூர்த்தால் ஐப்பசி மழையில் ஒரு பக்கத்து வயல் முழுக்க முங்கும், அன்றோடு உங்கள் பாதைக்கு ஊரில் ஆதரவு போச்சு. அறுவடைக் காலத்தில் வழவழப்பான இடம் எங்கிருந்தாலும் நெல் காயப்போடுவார்கள். தடுக்க முடியாது, ஓரமாக ஒரு களம் விட்டுவிடுவதே புத்தி. பைக் நுழையாமல் குறுக்கே கல் நடுங்கள், ஆனால் மூன்று சக்கர வண்டியில் வரும் மாற்றுத்திறனாளி புகும் அளவு இடைவெளி வேண்டும்.

முப்பது கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். மேல்நிலைப் பள்ளி பக்கத்தில் இருக்கும் இரண்டு கிலோமீட்டர் போதும், பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் அரசு கொடுத்த சைக்கிள் ஏற்கெனவே இருக்கிறது. அதிகாரி பார்வையிட வருவதாகச் சொன்னால் காலை எட்டரைக்கு வரச் சொல்லுங்கள், அந்த நேரத்தில் மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போகும் பிள்ளைகளை அவரே பார்க்கட்டும்.