புரோகிராமிங் பழகும் முதல் மாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்த மொழியில் தொடங்குவது, பைத்தானா, ஜாவாவா, சி-யா என்று விசாரிப்பதிலேயே பலருக்கு மாதக்கணக்கில் ஓடிவிடுகிறது. என்னைக் கேட்டால் பைத்தானில் தொடங்குங்கள் என்பேன். தமிழ்நாட்டுப் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்திலேயே அது இருக்கிறது. கல்லூரியில் ஏற்கனவே சி நடத்துகிறார்கள் என்றால் அதிலேயே தொடருங்கள், தப்பில்லை. பாதியில் மொழியை மாற்றுவதுதான் தவறு. லிஸ்ட் (பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல்) புரியவில்லை என்று பைத்தானை விட்டு ஜாவாஸ்கிரிப்டுக்குப் போனால், அங்கே அதே பாடம் அரே என்ற பெயரில் நிற்கும்.

எந்தக் காலத்துப் பாடத்தைப் படிக்கிறோம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பிரிண்ட் என்பதற்குப் பிறகு அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருந்தால் அது அந்தப் பழைய பாடம். இன்றைய பைத்தானில் ஓடாது. 1990-களின் டர்போ சி++ என்ற மென்பொருளின் நீலத்திரையில் பழகியவர்களுக்கும் இதே கதிதான். அங்கே சிக்கலில்லாமல் ஓடிய, 'வாய்ட் மெயின்' என்று தொடங்கும் புரோகிராமை இன்றைய ஜி++ கம்பைலர் (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள்) ஏற்காது.

சரி, மொழி முடிவாகிவிட்டது, பாடமும் புதியது. அடுத்து நடப்பது வீடியோவாகப் பார்த்துத் தள்ளுவது. பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. வெற்றுத் திரையைத் திறந்ததும் முதல் வரியே வராது. வீடியோவைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்தவர் எழுதுவதைத் தொடர்ந்து போவது ஒரு திறமை, தானே எழுதுவது வேறு திறமை. பத்து நிமிடம் பார்த்தால் நிறுத்திவிட்டு, அதே புரோகிராமைப் பார்க்காமல் தட்டச்சு செய்யுங்கள். காப்பி பேஸ்ட் வேண்டாம். ஓடிய பிறகு ஒரு வரியை மாற்றி, என்ன விடை வரும் என்று முதலில் ஊகித்துவிட்டு ரன் செய்யுங்கள். ஊகம் தவறும் இடத்தில்தான் கற்பதற்கு விஷயம் இருக்கிறது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானில் லென் (நீளத்தை எண்ணிச் சொல்லும் கட்டளை) போட்டுக் கேட்டுப் பாருங்கள். மூன்று என்று நினைப்போம், 5 என்று வரும். இகரக் குறியையும் புள்ளியையும் யூனிகோட் (கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை) தனித்தனிக் குறியீடுகளாக வைத்திருப்பதால் பைத்தான் அவற்றையும் சேர்த்து எண்ணுகிறது.

சிவப்பு எழுத்தில் எரர் வந்தவுடன் பதறி ஜன்னலை மூடிவிடுவது இன்னொரு பழக்கம். பைத்தானில் எரரைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். கடைசி வரி என்ன பிழை என்று சொல்லும், அதற்குச் சற்று மேலே எந்த வரி என்று எண் இருக்கும். 'நேம் எரர்' என்றால் பெரும்பாலும் பெயரில் எழுத்துப்பிழை. 'இன்டென்டேஷன் எரர்' என்றால் வரியின் தொடக்கத்தில் விட்ட இடைவெளி ஒத்துப்போகவில்லை. காட்டிய வரியில் தப்பே தெரியவில்லையா? முந்தைய வரியில் அடைப்புக்குறியை மூட மறந்திருக்கலாம்.

எரரே காட்டாத பிழைதான் ஆளை அலைக்கழிக்கும். இரண்டு எண்களை இன்புட் (தட்டச்சு செய்வதை வாங்கும் கட்டளை) மூலம் வாங்கிக் கூட்டும் புரோகிராம் எழுதுகிறீர்கள். 5, 3 என்று கொடுத்தால் 53 என்று வருகிறது. இன்புட் எதை வாங்கினாலும் ஸ்ட்ரிங்காகத்தான், அதாவது எண்ணாக அல்லாமல் வெறும் எழுத்துகளாகத்தான் தரும். இரண்டு ஸ்ட்ரிங்கைக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும். இன்ட் போட்டு எண்ணாக மாற்றினால் 8 வரும். விடை தெரிந்த கணக்கைக் கொடுத்துச் சோதித்ததால் இது பிடிபட்டது. பெரிய எண்களோடு தொடங்கியிருந்தால் கண்ணில் படாமலே போயிருக்கும்.

அப்புறம், முதல் புராஜெக்ட். எடுத்த எடுப்பிலேயே சாப்பாடு டெலிவரி ஆப் செய்யப் போகிறேன் என்பவர்கள் லாகின் பக்கத்தைத் தாண்டுவதில்லை. வீட்டு இபி பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிட்டைக் கொடுத்தால் தொகை வர வேண்டும், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விகிதம் ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக எழுதுபவர்கள் 150 யூனிட் என்றால் 150-ஐயும் விகிதத்தால் பெருக்கிவிடுவார்கள். இலவசமான 100-ஐக் கழித்து, மீதி 50-க்குத்தான் கணக்கு. 500-ஐத் தாண்டினால் இன்னொரு திருப்பம்: கீழ்ப்படிகளின் விகிதமே மாறிவிடும், 100-க்கு மேல் உள்ள முந்தைய யூனிட்டுகளுக்கும் வேறு கணக்கு. ஆக இஃப், எல்ஸ் (இப்படி என்றால் இது, இல்லையென்றால் அது) இரண்டையும் யோசித்து அடுக்காமல் இந்தப் புரோகிராம் சரியாக வராது. 0, 100, 101, 500, 501 என்று எல்லையில் நிற்கும் எண்களைக் கொடுத்துச் சோதியுங்கள். பழைய பில் ஒன்றை எடுத்து, அது எந்தக் கட்டண விகிதத்தில் போட்டதோ அதையே வைத்து ஒப்பிடுங்கள். தொகை ஒத்துவந்தால், அதே கணக்கை ஃபங்ஷனாக (பெயர் வைத்துத் திரும்பத் திரும்ப அழைக்கும் துண்டாக) மாற்றி, ஒரு வருடத்து ஆறு பில்லையும் லூப்பில் (ஒரே வேலையைத் திரும்பச் செய்ய வைக்கும் சுழற்சியில்) ஓட்டலாம்.

இந்தப் புரோகிராமைச் சாட்ஜிபிடியிடம் கேட்டால் நொடியில் எழுதித் தரும். அதனால்தான் தொடக்கத்தில் அதை எழுதச் சொல்லிக் கேட்கக் கூடாது. யோசித்து அடுக்க வேண்டிய வேலை அதனிடம் போய்விடும், உங்களிடம் ஓடும் ஃபைல் மட்டும் மிஞ்சும். நீங்கள் எழுதியதைக் கொடுத்து, 'இந்த எரருக்கு என்ன அர்த்தம், திருத்தாமல் விளக்கு' என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் நல்ல துணை.

மனிதர்களிடம் கேட்பதிலும் ஒரு முறை உண்டு. செல்போனில் சாய்வாக எடுத்த திரைப் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு 'வேலை செய்யல, என்ன தப்பு?' என்று கேட்டால் உதவ நினைப்பவருக்கும் கை ஓடாது. எழுதிய நிரலை எழுத்தாகவே ஒட்டுங்கள், எரர் செய்தியை முழுதாகப் போடுங்கள். என்ன கொடுத்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்ற மூன்றையும் சொல்லுங்கள். இதைத் தட்டச்சு செய்யும்போதே பாதிப் பேருக்குத் தப்பு எங்கே என்று தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும், படிப்பவர் அதைத் தன் கணினியில் ஓட்டிப் பார்த்துப் பதில் சொல்ல முடியும்.