கூலர் சத்தத்தை வீட்டிலேயே அளப்பது எப்படி

கம்ப்யூட்டரின் பிராசஸரைக் குளிர்விக்கும் கூலரின் பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணை வைத்து இரண்டு கம்பெனிகளை ஒப்பிடாதீர்கள். மைக்கை எவ்வளவு தூரத்தில் வைத்தார்கள், ஃபேனைத் தனியாக ஓட்டினார்களா ஹீட்சிங்க்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளில்) மாட்டி ஓட்டினார்களா என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். நாமே அளந்துவிடலாம்.

முதலில் அறையின் சத்தம். சோமனூர், பள்ளிபாளையம் பக்கம் வீடு என்றால் தறி நிற்கும் நேரம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். சீலிங் ஃபேனையும் நிறுத்துங்கள் (சித்திரை மாதத்து ஈரோட்டில் இது தண்டனைதானுங்க, வேறு வழியில்லை). கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, சத்தம் அளக்கும் மீட்டர் காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்போது 36, ஓடும்போது 39 என்றால் கம்ப்யூட்டரின் சத்தம் 3 அல்ல, அதுவும் 36தான். சம அளவுள்ள இரண்டு சத்தம் சேர்ந்தால் 3 டெசிபல்தான் கூடும். வித்தியாசம் 10-க்கு மேல் இருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், 3-க்கும் கீழே என்றால் அந்த அளவை நம்பவே வேண்டாம்.

மீட்டருக்குப் பதில் ஃபோன் ஆப் போதுமா? ஒரே ஃபோன், ஒரே இடம் என்றால் ஒப்பிடப் போதும். ஆப்பில் ஏ-வெயிட்டிங் (நம் காது கேட்கும் விதத்தை ஒட்டி அளக்கும் முறை) போட்டு, கேபினட்டிலிருந்து 50 செ.மீ. தள்ளி, காற்று மைக்கில் நேராக அடிக்காதபடி வையுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு, கேபினட் ஃபேன்களை முடிந்தவரை குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவற்றைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

ஃபேனின் வேகம் பயாஸிலோ (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் செட்டிங் திரை) ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற சாஃப்ட்வேரிலோ தெரியும். ஃபேன் ஒரு சுற்றுக்கு வழக்கமாக 2 பல்ஸ் அனுப்பும், மதர்போர்டு அதை எண்ணித்தான் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) சொல்கிறது. சந்தேகம் வந்தால் ஃபோனில் ஸ்பெக்ட்ரம் ஆப்பை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று வரைந்து காட்டுவது) திறந்து பாருங்கள்: 7 இறக்கை, 1200 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 20 சுற்று, ஆக 140 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு முனை எழும்பி நிற்க வேண்டும்.

அப்புறம் வேகத்தை 100 ஆர்பிஎம் வீதம் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். ஏதோ ஒரு வேகத்தில் மட்டும் 'ங்ங்' என்று ரீங்காரம் வரும், அடுத்த படியில் காணாமல் போகும். மீட்டர் இதை அரை டெசிபலாகக்கூடக் காட்டாது, ஆனால் ராத்திரியில் எரிச்சல் கிளப்புவது அதுதான். ஃபேன் கர்வ் (எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்ற அமைப்பு) போடும்போது அந்த வேகத்தில் நிற்காதபடி தாண்டிவிடுங்கள்.

இரண்டு கூலரை ஒப்பிட ஆர்பிஎம்மைச் சமமாக்கிப் பயனில்லை. சத்தத்தைச் சமமாக்குங்கள். இரண்டையும், உதாரணமாக, 40 டெசிபலில் நிறுத்தி, ஒரே லோடை (பிராசஸருக்குக் கொடுக்கும் வேலையை) கால் மணி நேரம் ஓட்டி, பிராசஸர் சூட்டிலிருந்து அறைச் சூட்டைக் கழித்துவிட்டுப் பாருங்கள். மார்கழிக் கோவையில் எடுத்த 65 டிகிரியும் அக்னி நட்சத்திரத்தில் எடுத்த 75 டிகிரியும் ஒரே கூலராகவே இருக்கலாம்.