கொள்ளைநோய்க் கணக்கில் தொடக்கக்காரர்கள் விழும் குழிகள்

கொரோனா காலத்தில் கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் எக்செல் ஷீட் திறக்காத தன்னார்வலர் குறைவு. அந்தப் பழைய தரவை எடுத்து இன்றைக்கும் பொதுச் சுகாதார மாணவர்களும் இளம் நிருபர்களும் பயிற்சி செய்கிறார்கள். நாங்கள் அன்றைக்கு எங்கே விழுந்தோமோ அதே குழிகளில் அவர்களும் விழுகிறார்கள். கூட்டல் தப்பு, தேதி மாறிப் பதிவது போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. அவை ஒரு வாரத்தில் தானாகவே கண்ணில் படும். கணக்கு சுத்தமாக இருக்கும், விடை மட்டும் பொய் சொல்லும். அப்படிப்பட்ட தவறுகளே இங்கே பேச்சு.

இன்றைய சாவை இன்றைய தொற்றால் வகுப்பது

தொற்று வாரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது, தொற்று உறுதியானவர்களில் 2 சதவீதம் பேர் சராசரியாகப் பதினான்கு நாள் கழித்து இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத் தொற்று 1,000 ஆக இருந்த நாளிலிருந்து இரண்டு வாரம் தள்ளிப் பார்த்தால், தொற்று 4,000 ஆகியிருக்கும். சாவு அந்தப் பழைய ஆயிரத்திலிருந்து வந்த 20 மட்டுமே. இருபதை நாலாயிரத்தால் வகுத்தால் 0.5 சதவீதம். "நம்ம ஊர்ல சாவு கம்மிங்க" என்று வாட்ஸ்ஆப்பில் படம் சுற்றத் தொடங்குவது இந்த நேரத்தில்தான். அலை அடங்கியதும் புதுத் தொற்று நின்றுவிடும், பழைய நோயாளிகளின் சாவு மட்டும் வந்துகொண்டிருக்கும். விகிதம் மெல்ல 2 சதவீதத்துக்கு ஏறும். உடனே "கிருமி வீரியமாகிவிட்டது" என்று அடுத்த படம் வரும். கிருமி அப்படியேதான் இருந்தது.

ஒரே வாரத்தில் தொற்று உறுதியான அத்தனை பேரையும் ஒரு கட்டாகக் கட்டி, குறைந்தது 28 நாள் பின்தொடர்ந்து, பிறகு வகுக்க வேண்டும். ஆள்வாரியான பட்டியல் கையில் இல்லையென்றால் பதினான்கு நாளுக்கு முந்தைய மொத்தத் தொற்றால் வகுங்கள். முரட்டு வழிதான், ஆனால் இன்றைய எண்ணால் வகுப்பதைவிட எவ்வளவோ மேல்.

இப்படிக் கிடைப்பதும் பரிசோதனையில் அகப்பட்டவர்களிடையே உள்ள விகிதமே. தொற்றிய எல்லோரிடையேயும் எத்தனை என்பது வேறு கேள்வி. 2020 பிப்ரவரியில் கொரோனா பரவிய டயமண்ட் பிரின்சஸ் சொகுசுக் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள். ஏறக்குறைய எல்லோரையும் சோதித்ததில் 712 பேருக்குத் தொற்று. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குச் சோதித்த நேரத்தில் ஓர் அறிகுறியும் இல்லை. ஊரில் அவர்கள் லேப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் 2021 ஜூலைக் கடைசியில் அரசுக் கணக்கில் இருந்த தொற்று 25 லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்கள்தொகையில் நாலு சதவீதம்கூட இல்லை. அதே ஜூன், ஜூலையில் எடுத்த ரத்த மாதிரி ஆய்வில் 66 சதவீதம் பேரிடம் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பான்கள் இருந்தன. அந்த 66-ஐ அப்படியே "தொற்றியவர்கள்" என்று எழுதுவது அடுத்த தப்பு. தடுப்பூசி போட்டவர்களும் அதற்குள் இருக்கிறார்கள்.

திங்கள்கிழமை எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவது

ஞாயிற்றுக்கிழமையில் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பது குறையும், அதனால் திங்களன்று வரும் தொற்று எண்ணும் குறையும். ஏழு நாள் சராசரி போடுங்கள்.

இறந்த ஊரும் வாழ்ந்த ஊரும்

1969ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, சாவு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். ஊட்டிக்காரர், தாராபுரத்துக்காரர், பாலக்காட்டுக்காரர் யாராக இருந்தாலும் நோய் முற்றினால் வண்டி கோவையின் பெரிய மருத்துவமனைகள் உள்ள அவினாசி ரோட்டுப் பக்கம்தான் திரும்பும். 2021 மே கடைசியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையையே முந்தியது. அந்த நாட்களில் கோவை மருத்துவமனைகளில் நடந்த சாவு அத்தனையையும் கோவை மாவட்ட மக்கள்தொகையால் வகுத்தால் கோவை சுடுகாடாகவும் நீலகிரி சொர்க்கமாகவும் தெரியும். பெருந்துறையில் இறந்த காங்கேயத்துக்காரரும் இப்படித்தான் ஈரோட்டுக் கணக்கில் ஏறுகிறார். பதிவுப் படிவத்தில் இறந்த இடத்துக்கு ஒரு கட்டம், வசித்த முகவரிக்கு வேறு கட்டம் இருக்கும். இரண்டாவதை எடுங்கள்.

வகுக்கும் எண்ணிலும் கண் வேண்டும். திருப்பூர் மாவட்டம் 2009இல்தான் பிறந்தது. அவினாசி, பல்லடம், உடுமலை கோவையிலிருந்தும், தாராபுரம், காங்கேயம் ஈரோட்டிலிருந்தும் வந்தவை. 2005க்கான பழைய மாவட்டச் சாவுக் கணக்கை 2021உடன் ஒட்டினால் ஈரோட்டில் சாவு திடீரென்று குறைந்ததுபோலத் தெரியும். கையில் இருக்கும் கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011க்கு உரியது: கோவை 34.6 லட்சம், திருப்பூர் 24.8 லட்சம், ஈரோடு 22.5 லட்சம். அதற்குப் பிறகு பனியன் கம்பெனிகளுக்கு எத்தனை வடமாநிலத் தொழிலாளர்கள் வந்தார்கள், 2020 ஊரடங்கில் எத்தனை பேர் ரயிலேறினார்கள் என்பது அந்த எண்ணில் இல்லை. திருப்பூர் விகிதத்தைத் தசம புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் வரை போடுவது வெறும் அலங்காரம்.

"இதயமும் மூச்சும் நின்றதால்"

இறப்புக் காரணச் சான்றிதழில் இப்படி எழுதியிருக்கும். எல்லோரும் அப்படித்தான் சாகிறார்கள். அது காரணம் ஆகாது. சான்றிதழின் முதல் பகுதியில் கடைசி வரியில் இருப்பதே மூலக்காரணம்; சர்க்கரை, ரத்தக்கொதிப்பு போன்ற துணைக்காரணங்கள் இரண்டாம் பகுதிக்குரியவை. இணைநோய் இருந்தது என்பதற்காக ஒரு சாவைக் கொரோனாப் பட்டியலிலிருந்து கழிக்கிற வழக்கம் இந்தப் படிவத்தைப் படிக்காததால் வருவது.

ஏழு நாள் கஷாயம் குடித்தவர்கள் சாகவில்லை

இத்தனை வருடத்துக்குப் பிறகும் எரிச்சல் அடங்காத தவறு இது. கஷாயத்துக்குப் பதில் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்: மாத்திரை, ஊசி, ஆவி பிடித்தல், மூச்சுப்பயிற்சி. படித்தவர்கள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள், ஏனென்றால் கணக்கு அவ்வளவு நேர்த்தியாக இருக்கும்.

ஒரு சிகிச்சை மையத்தின் டிஸ்சார்ஜ் பதிவேட்டை எடுப்பார்கள். "ஏழு நாளும் முழுமையாகக் குடித்தவர்கள்" என்று ஒரு பக்கம், "மற்றவர்கள்" என்று இன்னொரு பக்கம் பிரிப்பார்கள். இரண்டு பக்கமும் சாவை எண்ணி ஒப்பிடுவார்கள். குடித்தவர்கள் பக்கம் சாவு மிகக் குறைவாக வரும். உடனே போஸ்டர் அடித்துவிடுவார்கள்.

பச்சைத் தண்ணீரை வைத்தே இதைச் செய்து காட்டலாம். 1,000 நோயாளிகள். சேர்ந்த அன்றே குலுக்கல் போட்டு 500 பேருக்குத் தினமும் ஒரு டம்ளர் தண்ணீர், மற்ற 500 பேருக்கு ஒன்றுமில்லை. தண்ணீருக்கு எந்த வீரியமும் இல்லை. ஆகவே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, முதல் வாரத்தில் 30 பேர், அதன்பின் 20 பேர் என ஐம்பது ஐம்பது பேர் இறக்கிறார்கள். இரண்டு பக்கமும் 10 சதவீதம்.

இப்போது "ஏழு நாள் முழுமையாகக் குடித்தவர்கள்" என்ற சல்லடையைப் போடுங்கள். தண்ணீர் குடித்த 500 பேரில் முதல் வாரத்தில் இறந்த 30 பேரும் ஏழு நாளை முடிக்கவில்லை. அவர்கள் "மற்றவர்கள்" பக்கம் தள்ளப்படுகிறார்கள். முடித்தவர்கள் 470 பேர். அவர்களில் சாவு 20, அதாவது 4.3 சதவீதம். மற்றவர்கள் 530 பேர்; அவர்களில் சாவு 80, அதாவது 15.1 சதவீதம். பச்சைத் தண்ணீர் சாவை 72 சதவீதம் குறைத்துவிட்டது!

ஏழு நாள் குடிக்க வேண்டுமென்றால் முதலில் ஏழு நாள் உயிரோடு இருக்க வேண்டும். அந்த ஏழு நாளில் "குடித்தவர்" யாரும் சாகவே முடியாது. செத்தால் அவர் குடித்தவர் இல்லை. பழனிக்குப் பாதயாத்திரை போய்ச் சேர்ந்தவர்களை மலையடிவாரத்தில் நிறுத்தி எண்ணிவிட்டு, நடந்தவர்கள் ஒருவருக்கும் வழியில் கால் முடங்கவில்லை என்று எழுதுவதும் இதுவும் ஒன்றுதான். முடங்கியவர் ஒட்டன்சத்திரத்திலேயே பஸ் ஏறிவிட்டார்.

சரிசெய்ய மூன்று வழி உண்டு. சேர்ந்த நாளில் யாருக்கு என்ன என்று முடிவானதோ, கடைசிவரை அந்தப் பிரிவிலேயே வைத்து எண்ணுவது முதல் வழி; மேலே உள்ள கணக்கில் 50க்கு 50 என்று சரியாக வந்துவிடும். இரண்டாவது, ஏழாம் நாள் காலையில் உயிரோடு இருப்பவர்களை மட்டும் எடுத்து, அன்றிலிருந்து நாட்களை எண்ணுவது. இரு பக்கமும் 470 பேர், சாவு 20. மூன்றாவது, ஆளுக்குப் பதில் நாளைக் கணக்கிடுவது. ஒருவர் ஐந்தாம் நாள் குடிக்கத் தொடங்கினால் முதல் நாலு நாளும் "குடிக்காத" பக்கத்தில் சேரும், ஐந்தாம் நாளிலிருந்துதான் "குடித்த" பக்கம்.

இதற்கு ஷீட்டில் தேவையானவை: சேர்ந்த தேதி, சேரும்போது ஆக்சிஜன் அளவு, வயது, குடிக்கத் தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, முடிவு, முடிவின் தேதி. "குடித்தாரா? ஆம் / இல்லை" என்று ஒரே ஒரு கட்டம் உள்ள ஷீட்டைக் கொண்டுவந்தால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. எத்தனை ஆயிரம் வரி இருந்தாலும் சரி.

இதை எல்லாம் செய்தபிறகும் ஓர் ஓட்டை இருக்கும். ஆக்சிஜன் 90க்குக் கீழே இறங்கி முகமூடியோடு படுத்திருப்பவரால் டம்ளரைத் தூக்கிக் குடிக்க முடியாது. எழுந்து நடமாடுகிறவர் மூன்று வேளையும் குடிப்பார். ஆகவே 94-உம் அதற்கு மேலும், 90 முதல் 93, 90க்குக் கீழ் என்று தனித்தனியாகப் பிரித்துத்தான் ஒப்பிட வேண்டும். முழுதாக அடைக்க வேண்டுமானால் குலுக்கல் ஒன்றே வழி. மலேரியா மாத்திரையான ஹைட்ராக்சிகுளோரோகுயின் கதை இதற்குச் சாட்சி. பதிவேடுகளைப் புரட்டிச் செய்த சில ஆய்வுகளில் அது உயிர் காத்ததுபோலத் தெரிந்தது. 2020இல் பிரிட்டனின் ரெக்கவரி சோதனையில் குலுக்கல் முறையில் கொடுத்துப் பார்த்தபோது 28 நாளில் சாவு, மாத்திரை பெற்றவர்களில் 27 சதவீதம், பெறாதவர்களில் 25 சதவீதம். பலன் இல்லை.

கபசுரக் குடிநீர் வேலை செய்யாது என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த போஸ்டர் கணக்கு அதைப் பற்றி எந்தப் பக்கமும் ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

ஈரோட்டில் மஞ்சள், அதனால்...

ஈரோட்டில் மஞ்சள் விளைகிறது, அதனால் அங்கே கொரோனாச் சாவு குறைவு என்பார்கள். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. மண்டிக்கு வந்த மஞ்சள் லாரி ஏறி நாடெங்கும் போகிறது என்பதும் உண்மை. மாவட்டத்தில் விளைந்தது எவ்வளவு, அங்கே செத்தவர் எத்தனை என்ற இரண்டு எண்ணை வைத்து, செத்தவர் மஞ்சள் சாப்பிட்டாரா என்று சொல்ல முடியாது. உலக அளவிலும் இதே ஆட்டம் நடந்தது: 2020இல் காசநோய்க்கான பிசிஜி ஊசி போடும் நாடுகளில் சாவு குறைவு என்று வரைபடம் போட்டார்கள். சுகாதாரப் பணியாளர்களிடம் குலுக்கல் முறையில் நடந்த பிரேஸ் சோதனையில் பிசிஜி கொரோனாவைக் குறைக்கவில்லை.

எந்தக் காப்புக் காரணியைத் தேடும் முன்பும் வயதைச் சரிசெய்யுங்கள். தடுப்பூசிக்கு முந்தைய மதிப்பீடுகளில், தொற்றினால் சாகும் வாய்ப்பு 25 வயதில் சுமார் 0.01 சதவீதம், 75 வயதில் 4.6 சதவீதம். ஒரு சின்னக் கணக்கு: அறுபதுக்கு மேல் 2 சதவீதம், கீழே 0.1 சதவீதம் என்று இரண்டு ஊருக்கும் ஒரே விகிதம் வையுங்கள். பனியன் கம்பெனி விடுதிகள் நிறைந்த ஊரில் தொற்றிய ஆயிரம் பேரில் முதியவர் 100. பிள்ளைகள் பிழைக்கப் போய்விட்ட தோட்டங்காட்டு ஊரில் 250. முதல் ஊரில் சாவு ஏறக்குறைய மூன்று, இரண்டாவதில் ஏறக்குறைய ஆறு. மஞ்சளும் இல்லை, தண்ணீரும் இல்லை; வயது மட்டுமே. 2020 தொடக்கத்தில் ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் சீனாவின் விகிதம் இத்தாலியைவிடக் கூடுதல், மொத்தத்தில் மட்டும் இத்தாலி கூடுதல் என்று வந்ததும் இதனால்தான்.

"செத்தவர்களில் பாதிக்கு மேல் ஊசி போட்டவர்கள்"

இதைச் சொல்லி, கொரோனாத் தடுப்பூசி பலிக்கவில்லை என்பார்கள். ஆயிரம் முதியவர்களில் 900 பேர் ஊசி போட்டவர்கள் என்று வையுங்கள். அவர்களில் 1 சதவீதம், போடாதவர்களில் 5 சதவீதம் இறந்தால் 9 பேர், 5 பேர். பதினாலில் ஒன்பது ஊசி போட்டவர்கள்தான். ஊசி ஆபத்தை ஐந்தில் ஒன்றாக்கியிருக்கிறது.

கூடுதல் சாவை 2019உடன் மட்டும் ஒப்பிடுவது

வழக்கமாக எதிர்பார்க்கக்கூடியதற்கு மேல் நடந்த சாவே கூடுதல் சாவு. உலக சுகாதார நிறுவனம் 2020, 2021 இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து இந்தியாவில் கூடுதல் சாவு சுமார் 47 லட்சம் என்று மதிப்பிட்டது. அரசுக் கணக்கில் கொரோனாச் சாவு 4.8 லட்சம். இந்த இடைவெளியைப் பார்த்ததும் எல்லோரும் உள்ளூராட்சிப் பதிவுகளைத் தேடி ஓடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒரே ஓர் ஆண்டை ஒப்பீட்டுக்கு அடிப்படையாக வைக்காதீர்கள், 2015 முதல் 2019 வரை ஐந்தாண்டுப் போக்கை நீட்டிப் பாருங்கள். பதிவான மாதத்தை விட்டுவிட்டு இறந்த மாதத்தை எடுங்கள். சட்டப்படி 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஊரடங்கில் அது எங்கே நடந்தது? மே மாதச் சாவு ஆகஸ்டில் பதிவாகி, ஆகஸ்டில் ஓர் அலை வந்ததுபோலக் காட்டும். ஊரடங்கில் சாலை விபத்துச் சாவு குறைந்ததையும் மறக்க வேண்டாம். கூடுதல் சாவை அது கொஞ்சம் மறைக்கும்.

பழைய கோப்பின் மேலேயே சேமிப்பது

2020 ஜூலை 22 அன்று சென்னையில் விடுபட்ட 444 சாவுகள் மாநிலக் கணக்கில் சேர்க்கப்பட்டன. அவை மார்ச் 1க்கும் ஜூன் 10க்கும் இடையே நடந்தவை. வரைபடத்தில் அதை ஜூலையில் ஒற்றைத் தூணாக நிறுத்தியவர்கள் இன்றும் "ஜூலை உச்சம்" பற்றி எழுதுகிறார்கள். தினமும் இறக்கும் கோப்புக்கு அன்றைய தேதியைப் பெயராக வையுங்கள், பழையதை அழிக்காதீர்கள், விடுபட்ட சாவு வந்தால் இறந்த தேதிக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள். இறந்த தேதி தெரியாதவற்றைத் தனி வரிசையில் வையுங்கள். மொத்தத்தில் சேரும், வரைபடத்தில் சேராது.